நவரட்ணராஜா சொல்லிப் போட்ட வடிகட்டி

அத்தியாயம் ஒன்பது

கள்ளனைப் பிடித்துக் கொடுத்த துப்பறிவாளனுக்குச் சாப்பாடும் நித்திரையும் கொஞ்ச நாளைக்காவது சுகமாக அமைய வேண்டும். நவரட்ணராஜாவுக்கு இரண்டுமே அமையவில்லை. வழக்கு முடிந்தது, முதலாளி கைகுலுக்கினார், பொலிஸ் வந்து ஆளைக் கொண்டுபோனது. இருந்தும் கொட்டுகொடல்ல வீதியில் புடவைக்கடைக்கு மேலே இருந்த தன் கந்தோரில், முடிந்துபோன வழக்கின் பைலைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார் மனிதர்.

"அந்தப் பைலுக்கு வாய் இருந்தா இந்நேரம் அழுதீக்கும் சேர்," என்றான் பளீல். "விடுங்க, பாவம்."

பளீல் அவருடைய உதவியாளன். நாற்பதைத் தாண்டிய வயது, பிறந்து வளர்ந்தது எல்லாம் கண்டியில். எந்தக் கடையில் யார் வேலை செய்கிறார்கள், எந்த லொறி எந்தப் பாதையில் போகிறது என்பதெல்லாம் அவனுக்கு விரல் நுனியில். வாய் மட்டும் சும்மா இருக்காது. நவரட்ணராஜா அதற்கு நேர்மாறு. யாழ்ப்பாணத்தார், வருமான வரிக் கந்தோரில் இருந்து ஓய்வு பெற்றவர். அரசாங்கத்துக்குக் கணக்குக் காட்டாதவர்களைத் தேடித் தேடிப் பழகிய மூளை வீட்டில் சும்மா இருக்க மறுத்ததால், இந்தத் துப்பறியும் தொழிலுக்கு வந்தவர். தன் மூளையில் அவருக்கு நிறைய நம்பிக்கை. அந்த நம்பிக்கைதான் இந்தக் கதையில் அவர் காலை வாரிவிட்டது.

வழக்கு இதுதான். தும்பறை லொறிக் கம்பனியின் தேயிலை லொறிகளை ஹுன்னஸ்கிரியவைத் தாண்டிய வளைவில் இரண்டு தரம் மறித்துச் சரக்கை அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். போகும்போது சாரதியின் இருக்கையில் ஒரு துண்டை விட்டுப் போனார்கள். தமிழில் டைப் செய்த துண்டு. சரக்கெல்லாம் இயக்கத்துக்கு எடுக்கப்பட்டதாக அதில் இருந்தது. யுத்தம் உச்சத்தில் நிற்கிற காலத்தில் அப்படி ஒரு வரி கிடைத்தால் பிறகு கேட்க வேண்டுமா? எந்த லொறி எப்போது எந்தப் பாதையில் போகிறது என்ற விபரம் கம்பனிக்குள்ளிருந்து யாரோ ஒருவரால் வெளியே போகிறது, அது யார் என்று கண்டுபிடித்துத் தரும்படி முதலாளி நவரட்ணராஜாவைக் கூப்பிட்டார். அவரும் கண்டுபிடித்துக் கொடுத்தார். ஹுன்னஸ்கிரியக் கிளையின் கிளார்க், அழகமுத்து.

அந்த அழகமுத்துவின் மனைவிதான் அன்று காலை படியேறி வந்தாள். பாலம்மா என்று பெயர் சொன்னாள். கதிரையைக் காட்டியும் உட்காரவில்லை. வழி முழுக்க பஸ்ஸை நிறுத்தி நிறுத்திச் சோதித்ததில் அவளுடைய கைப்பையின் வார் அறுந்து தொங்கியது. கம்பனிக்காக வேலை செய்கிற தமிழ்த் துப்பறிவாளர் ஒருவர் டவுனில் இருக்கிறார், அவர் சொன்னால் முதலாளி கேட்பார் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவள் புருஷனுடைய பெயரை எழுதிக் கொடுத்ததே அந்தத் தமிழ்த் துப்பறிவாளர்தான் என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை.

"நாளைக்குக் கொழும்புக்குக் கொண்டு போறாங்களாம் சார்," என்றாள். "அங்க போனவங்கள யாரும் பார்க்க ஏலாதுனு சொல்றாங்க. அதுக்கு முன்னாடி யாராவது பேசணும்ங்க."

நவரட்ணராஜா பைலை மூடினார். பளீல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அவள் சொல்ல வந்தது ஒன்றுதான். தன் புருஷன் யோக்கியன், அதற்குப் பெரிய இடத்துச் சாட்சியே இருக்கிறது. கம்பனியின் போக்குவரத்து மனேஜர் தியாகராஜா இருக்கிறாரே, அவரே ஹுன்னஸ்கிரியக் கந்தோருக்கு வந்து, அழகமுத்துவின் கதிரையில் உட்கார்ந்து, அவனுடைய கம்பியூட்டரில் ஏதோ வேலை பார்த்துவிட்டுப் போனாராம். பிள்ளையின் பெயரைக்கூடக் கேட்டாராம். அழகமுத்துவைத் தேத்தண்ணி வாங்கிவர அனுப்பி, வாங்கி வந்ததும் தட்டாமல் குடித்தாராம்.

"அன்னைக்கு இவரு வீட்டுக்கு வந்து அதையே சொல்லிக்கிட்டு இருந்தாருங்க," என்றாள் பாலம்மா. "அவ்ளோ பெரிய மனுசன் நம்ம கதிரையில உக்காந்தாருனு. தியாகராஜா ஐயாகிட்ட கேட்டுப் பாருங்க சார். அவரு நல்லபடியா சொல்வாரு."

எப்போது வந்தார் என்று நவரட்ணராஜா கேட்டார். பொலிஸ் வந்ததற்கு முந்தின நாள் பின்னேரம் என்றாள். அவருக்கு அதில் ஒன்றும் தட்டுப்படவில்லை. தியாகராஜா நல்ல வார்த்தை சொன்னால் கொழும்புப் பயணத்தையாவது தள்ளிப்போடலாம் என்றுதான் நினைத்தார். அவளைக் கந்தோரிலேயே இருக்கச் சொல்லிவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு இறங்கினார்.

படியில் இறங்கும்போதே பளீல் ஆரம்பித்தான். "மனேஜர்மார் கிளைக்குப் போனா ஏசுவாங்க. இவரு புள்ளட பேரக் கேட்டீக்கிறாரு. எனக்கு என்னமோ வயித்தக் கலக்குது சேர்."

"காலமை என்ன சாப்பிட்டனீர்?"

"அது நல்லாத்தான் ஈக்கி. இது வேற கலக்கம்."

கம்பனியின் தலைமைக் கந்தோர் பேராதனை வீதியில் இருந்தது. வாசலில் இருந்த கம்பனி ஜீப் ட்ரைவரோடு கதைத்துக்கொண்டு பளீல் கீழேயே நின்றுவிட்டான். நவரட்ணராஜா மட்டும் மேலே போனார்.

தியாகராஜாவும் அவரும் இன்று நேற்றுப் பழகியவர்கள் அல்ல. எண்பத்து மூன்றில் கண்டிக் கடைகள் எரிந்தபோது இருவரும் ஒரே பாடசாலை மண்டபத்தில் அகதிகளாக ஒரே பாயில் படுத்தவர்கள். யாழ்ப்பாணத்துக்குப் போகும் கப்பல் வேண்டாம், கண்டியை விட்டு அசைவதில்லை என்று இருவரும் சேர்ந்துதான் முடிவு செய்தார்கள். அப்படிப்பட்ட மனிதரைச் சந்தேகப்படுவது என்பது நவரட்ணராஜாவுக்குத் தன் வலது கையையே சந்தேகப்படுவது மாதிரி. அத்தோடு லொறி மறிக்கப்பட்ட இரண்டு நாளும் தியாகராஜா லீவில் இருந்தார். கந்தோர்ப் பக்கமே வராதவருக்கு லொறி போகும் விபரம் எப்படித் தெரியும்? அந்தப் பெயரை அவர் முதல் நாளே தள்ளிவைத்துவிட்டார்.

தியாகராஜா வழக்கம்போல எழுந்து வந்து தோளைத் தொட்டு உட்காரவைத்தார். தேத்தண்ணி வந்தது. நவரட்ணராஜா அழகமுத்துவைப் பற்றி மெல்லப் பேச்செடுத்தார். தியாகராஜா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பாவம்தான் நவம். ஆனா நான் என்னத்தைச் சொல்லுறது? ஆளை எனக்குச் சரியாத் தெரியாது. ஹுன்னஸ்கிரியப் பக்கம் நான் போயே மாசக்கணக்கு."

நவரட்ணராஜா கையில் இருந்த கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தார். எத்தனையோ வருஷம் பொய்க் கணக்குக் கேட்ட காது அது. பொய்யைக் கேட்டால் அவருக்குச் சிரிப்பு வரும். இந்த முறை வரவில்லை. வேறு என்ன பேசினோம் என்பதே பிறகு அவருக்கு நினைவில்லை. மகளின் படிப்பு, ஊர்ப் பாதை பூட்டிக்கிடப்பது என்று ஏதோ பேசிவிட்டு எழுந்து வந்தார்.

கீழே பளீல் காத்திருந்தான். அவன் கேள்வியே கேட்காமல் பதில் வாங்கி வைத்திருந்தான். அன்று பின்னேரம் தியாகராஜாவை ஹுன்னஸ்கிரியவுக்கு ஏற்றிப்போனதே அந்த ட்ரைவர்தான். திரும்பி வரும்போது தெல்தெனியவில் நிறுத்தி வடை வாங்கித் தந்ததாகவும், மனேஜர் அவ்வளவு உற்சாகமாக இருந்து தான் பார்த்ததில்லை என்றும் அந்த அப்பாவி மனிதர் சொல்லியிருக்கிறார்.

"அந்தப் பக்கம் போயே மாசக்கணக்கு எண்டவர். மறந்திருப்பார்," என்றார் நவரட்ணராஜா. தன் காதுக்கே அது நம்பும்படி இல்லை.

"மறந்துட்டு வாறதுக்கு அது என்ன குடையா சேர்?"

அவர் வீதியில் இறங்கி நடந்தார். கொஞ்சத் தூரம் போனதும் பளீல் வழக்கத்துக்கு மாறாகத் தணிந்த குரலில் கேட்டான், தியாகராஜாவின் கம்பியூட்டரையும் பார்த்தீர்கள்தானே என்று. பார்க்காமலா, தமிழ் ஆட்களின் கம்பியூட்டர் எல்லாவற்றையும் பார்த்தோமே என்றார் அவர். சொல்லி முடித்தபோது அந்த வசனம் அவருக்கே கசந்தது. அவர் திரும்பி மறுபடியும் கம்பனிப் படியேறினார். இந்தத் தடவை பளீலையும் கூட்டிக்கொண்டு போனது பின்பக்க அறைக்கு.

அந்த அறையில் செசிலியா இருந்தாள். கம்பனியின் கம்பியூட்டர்களுக்கு எல்லாம் பொறுப்பு அவள்தான். கண்டி, கடுகண்ணாவை, தெல்தெனிய, ஹுன்னஸ்கிரிய என்று எங்கே ஒரு கம்பியூட்டர் இருந்தாலும் அதை இங்கிருந்தே மேய்க்கிறவள். கழுத்தில் சிலுவைச் சங்கிலி, மேசையில் எப்போதும் ஒரு பிளாஸ்க். ஒவ்வொரு கம்பியூட்டரிலும் எந்த வேலை எப்படி நடக்க வேண்டும் என்று எழுதி வைத்த சின்னச் சின்னக் கோப்புகள் இருக்கும். கொன்பிக் பைல் என்பாள் அவள். அவற்றில் எதை, எந்த எந்தக் கம்பியூட்டரில் இருந்து எடுத்து வரவேண்டும் என்று ஒரு பில்டர், அதாவது வடிகட்டி, போட்டுவிட்டால், தலைமைக் கம்பியூட்டர் டெலிபோன் லைன் வழியே போய் எடுத்து வந்துவிடும்.

"தேத்தண்ணி வடிதான்," என்று வழக்கு நடந்தபோது பளீல் விளக்கம் சொன்னான். "ஓட்டைய நாம தீர்மானிக்கிறோம். மிச்சத்த அது பாக்கும்."

ஓட்டையைத் தீர்மானித்தது நவரட்ணராஜா. லொறி போகும் விபரம் தினமும் ஈமெயிலில் எல்லாக் கிளைகளுக்கும் போகும். அதை யாரோ வெளியே ஒரு விலாசத்துக்குத் திருப்பி அனுப்புகிறார்கள் என்றால், அந்தக் கம்பியூட்டரின் ஈமெயில் கொன்பிக் பைலில் அது தெரியும். ஆனால் எல்லாக் கம்பியூட்டரிலும் எடுப்பதென்றால் கிளை லைன்கள் நத்தை வேகம், இரண்டு மூன்று நாள் போய்விடும். முதலாளியின் அறையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டு இருந்தபோது செசிலியா இதைச் சொல்லிக் கவலைப்பட்டாள். அப்போதுதான் நவரட்ணராஜாவுக்கு அந்தப் புத்திசாலித்தனம் உதித்தது. துண்டு தமிழில் டைப் செய்தது. ஆகவே தமிழ் டைப்பிங் போட்டிருக்கிற கம்பியூட்டர்களை மட்டும் பாருங்கள் என்றார். கதிரையில் சாய்ந்துகொண்டு, கொஞ்சம் பெருமையோடுதான் சொன்னார். முதலாளி தலையாட்டினார். பக்கத்தில் இருந்த தியாகராஜா நல்ல யோசனை என்றார்.

ஒருவன் மட்டும் அதை ஒப்புக்கொள்ளவில்லை. வெளியே வந்ததும், டவுனில் தமிழ் டைப் அடிக்காத கொமியுனிகேஷன் கடை எங்கே இருக்கிறது, துண்டை அங்கே அடித்திருக்கலாமே என்று பளீல் கேட்டான். நீர் பகிடி விடுகிற நேரமா இது என்று அவன் வாயை அடைத்துவிட்டார். அவன் பகிடி விடவில்லை என்பது இன்றைக்குத்தான் அவருக்கு விளங்கியது. அன்று இரவு வடிகட்டி கொண்டுவந்ததில் வெளி விலாசம் இருந்தது அழகமுத்துவின் பைலில் மட்டும்தான்.

தியாகராஜாவின் பைலைக் காட்டும்படி இப்போது செசிலியாவிடம் கேட்டார்.

"அவரிடை கம்பியூட்டர் வரேல்லையே சேர்."

"ஏன் பிள்ளை வரேல்லை? அவரும் தமிழர்தானே."

"பில்டருக்கு ஆள் ஆர் எண்டு தெரியாது சேர். தமிழ் டைப்பிங் இருக்கோ எண்டுதான் பாக்கும். தியாகராஜா சேர் எல்லாத்தையும் இங்கிலிசிலை எழுதுறவர். அவருக்கு நான் தமிழ் போட்டுக் குடுக்கேல்லை, அவரும் கேக்கேல்லை."

யார் கேட்டது என்றார். செசிலியா விரல் விட்டுச் சொன்னாள். தெல்தெனியவில் ஒருவர், கடுகண்ணாவையில் ஒருவர், பிறகு அழகமுத்து. லொறி க்ளீனர்மாருக்கும் தோட்டத்துச் சனத்துக்கும் கடிதம் எழுதிக் கொடுக்க என்று கேட்டு, கந்தோர் வேலை முடிந்த பிறகுதான் பாவிப்பேன் என்று சொல்லி வாங்கினானாம்.

நவரட்ணராஜாவின் அறிக்கைகளும் எல்லாம் ஆங்கிலம்தான். இந்த வடிகட்டியைத் தன் சொந்தக் கந்தோருக்குப் போட்டிருந்தால் தானும் அதில் விழுந்திருக்க மாட்டார். தமிழர் என்று அவர் தேடியபோது அது தன்னையோ தன் சிநேகிதனையோ தொடவே இல்லை. ஒரு க்ளீனருக்காகக் கடிதம் எழுதிக் கொடுத்தவன் மேல்தான் போய் விழுந்திருக்கிறது. வெட்கம் என்றால் என்ன என்று அவருக்கு இந்த வயதில் விளங்கியது.

இப்போது எடுத்துப் பார்க்கலாமா என்றார். எடுக்கலாம், ஆனால் அழித்திருந்தால் ஒன்றும் இருக்காது என்றாள். எடுத்தாள். தியாகராஜாவின் பைல் வந்தது. சுத்தமாக இருந்தது. வெளி விலாசம் ஏதும் இல்லை.

பளீல் பெருமூச்சு விட்டான். "கழுவித் துடைச்சு வச்சீக்கிறாரு. இதுக்கு மேல நாம என்ன, மை போட்டா பாக்கிறது?"

செசிலியா பிளாஸ்க்கின் மூடியைத் திருகித் திறந்தாள், திரும்ப மூடினாள். ஏதோ சொல்லத் தயங்குகிறாள் என்பது தெரிந்தது. கடைசியில் சொன்னாள். அன்றைக்கு முதலாளியின் அறைக்குத் தேத்தண்ணிக்கு வரும் முன்னர், முந்தின இரவே, அவள் ஒரு தடவை பில்டரை ஓடவிட்டுப் பார்த்தாளாம். எந்த நிபந்தனையும் இல்லாமல், எல்லாக் கம்பியூட்டருக்கும். அது ஓடிக்கொண்டு இருக்கும்போதுதான் மேலே வந்தாள். நவரட்ணராஜா தமிழ் மட்டும் என்று சொன்னதும் கீழே இறங்கிப் போய் அதைப் பாதியில் நிறுத்திவிட்டு, அன்று இரவு ஓடும்படி புதிதாகப் போட்டாள். பாதி வந்தவற்றை அவள் திறந்தும் பார்க்கவில்லை.

"எறியேல்லை சேர். ஒரு மூலையிலை கிடக்கு."

"எந்தப் பாதி வந்தது?"

"ஹுன்னஸ்கிரிய, கடுகண்ணாவை ரெண்டும் வந்திட்டுது. கண்டியிலை அரைவாசி. தெல்தெனியவுக்குப் போகேல்லை."

அவள் முதலில் திறந்தது ஹுன்னஸ்கிரியவை. அழகமுத்துவின் ஈமெயில் கொன்பிக் பைல், தேத்தண்ணிக்கு முன் எடுத்தது. அதில் வெளி விலாசம் இல்லை. அதே பைலை அன்று இரவு வடிகட்டி எடுத்தபோது இருந்தது. இரண்டுக்கும் நடுவில் ஒரு பின்னேரம். அந்தப் பின்னேரத்தில் அழகமுத்துவின் கதிரையில் உட்கார்ந்து அவனைத் தேத்தண்ணி வாங்க அனுப்பியது யார் என்பதற்கு அவன் மனைவியே சாட்சி. அவள் அதைப் பெருமையாக நினைத்துச் சொன்னாள்.

அடுத்தது தியாகராஜாவின் பைல். செசிலியா திறந்துவிட்டுக் கதிரையைப் பின்னுக்கு இழுத்தாள், அவர் பார்க்கட்டும் என்று. வருகிற ஈமெயிலில் ஒரு பிரதியை வெளியே அனுப்பு என்று அதில் ஒரு வரி இருந்தது. அழகமுத்துவின் பைலில் பிடிபட்ட அதே விலாசம்தான். கடுகண்ணாவைத் தேயிலைக் கடை ஒன்றின் பெயரில் இருந்தது.

லீவில் இருந்தவருக்கு விபரம் எப்படித் தெரியும் என்று நவரட்ணராஜா கேட்டாரே, அதற்கும் பதில் அந்த வரிதான். அவருக்குத் தெரிய வேண்டியதே இல்லை. அவர் வீட்டில் கால் நீட்டிப் படுத்திருக்க, கம்பியூட்டர் தானாக அனுப்பிக்கொண்டு இருந்தது. லீவில் போகும்போது கம்பியூட்டரை நிறுத்த வேண்டாம் என்று சொல்லிவிட்டுத்தான் போவார் என்று செசிலியா இப்போது நினைவுபடுத்திச் சொன்னாள்.

நியாயமாகப் பார்த்தால் துப்பறிவாளர் சந்தோஷப்பட வேண்டிய இடம் இது. நவரட்ணராஜா பக்கத்தில் இருந்த கதிரையில் மெல்ல உட்கார்ந்தார். விடை முதலே வந்து சேர்ந்திருந்தது. அவர் வாயைத் திறக்காமல் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போயிருந்தால், அன்றைக்கே தியாகராஜா பிடிபட்டிருப்பார். வாயைத் திறந்ததால் அது மூலைக்குப் போயிற்று. அது மட்டுமா? எந்தக் கம்பியூட்டர்களைப் பார்க்கப் போகிறோம் என்று அவர் சொன்ன பிறகுதான், அந்த வரியை எங்கே கொண்டுபோய் வைக்க வேண்டும் என்று தியாகராஜாவுக்குத் தெரிந்தது. அதுவரை அழகமுத்து என்று ஒருவன் இருப்பதே அவருக்கு அக்கறையில்லாத விஷயம்.

பளீல் அதைத்தான் தன் பாணியில் சொன்னான். "வடியில ஓட்ட எங்க ஈக்கிதுனு நாம முதல்ல சொன்னதே கள்ளனுக்குத்தான் சேர்."

"ஓம்," என்றார் நவரட்ணராஜா. "நான்தான் சொன்னனான். நாம இல்லை."

பிறகு நடந்ததெல்லாம் மளமளவென்று நடந்தது. முதலாளியிடம் இரண்டு பைல்களையும் காட்டினார். அவர் முகம் செத்துப்போய், நவரட்ணராஜாவைத் தன் காரிலேயே பொலிஸுக்கு அனுப்பிவைத்தார். பொறுப்பதிகாரி பாதிச் சாப்பாட்டில் கை கழுவிவிட்டு வந்து எல்லாவற்றையும் கேட்டார். கேட்டுவிட்டுச் சிங்களத்தில் சொன்னது நவரட்ணராஜாவுக்கு நன்றாகவே சுட்டது.

"போன தடவையும் நீங்கள் இப்படித்தான் உறுதியாகச் சொன்னீர்கள்."

ஆளை விடவேண்டும் என்றால் முதல் அறிக்கை பிழை என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள் என்றார். எப்படிப் பிழை வந்தது என்றும் எழுத வேண்டும். நவரட்ணராஜா எழுதினார். தமிழ் டைப்பிங் உள்ள கம்பியூட்டர்களை மட்டும் பார்த்தேன், மற்றவற்றைப் பார்க்கவில்லை, அந்த யோசனை என்னுடையது. அதிகாரி அதை வாசித்தார். அவர் கெட்ட மனிதர் இல்லை, நல்லவர் என்றும் சொல்ல முடியாது. வாசித்து முடித்துவிட்டுத் தலையை நிமிர்த்தினார்.

"இதையே நாங்கள் செய்திருந்தால் நீங்கள் என்ன பெயர் வைத்திருப்பீர்கள் மாத்தையா?"

நவரட்ணராஜா அடியில் கையெழுத்தைப் போட்டார்.

அடுத்த தாளில் தியாகராஜாவின் பெயரை எழுத வேண்டி இருந்தது. ஒரே வாரத்தில், ஒரே மேசையில், இரண்டாவது தமிழனின் பெயர். இது வெறும் களவு, துண்டு கண்கட்டு வித்தை, இயக்கத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். அதிகாரி வாக்குறுதி ஒன்றும் தரவில்லை. ஆனால் கடுகண்ணாவைக்கு ஆள் அனுப்பினார். பின்னேரத்துக்குள் அந்தத் தேயிலைக் கடையின் பின் அறையில் கம்பனியின் முத்திரை குத்திய பெட்டிகள் அடுக்கடுக்காக இருப்பதாக வயர்லஸில் செய்தி வந்தது. கடைக்காரர் தியாகராஜாவின் மைத்துனர். துண்டை டவுனில் ஒரு கொமியுனிகேஷன் கடையில் அடித்ததையும் அவரே கக்கிவிட்டார். அதற்குப் பிறகுதான் அதிகாரி களவு என்று எழுதச் சம்மதித்தார். தியாகராஜாவைக் கூட்டிவரும்போது அங்கே நிற்க நவரட்ணராஜாவுக்கு மனம் வரவில்லை. பின்கதவால் போய்விட்டார்.

மறுநாள் காலை, கொழும்புக்குப் போக இருந்த வண்டி அழகமுத்து இல்லாமலே போனது. அவனைப் பொலிஸ் வாசலால் வெளியே விட்டார்கள். பாலம்மா ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டாள். நெட்டையான, ஒல்லியான மனிதன். நடக்கும்போது ஒரு காலை இழுத்து வைத்தான். இடது கண் பாதி மூடியிருந்தது. வலது கைவிரல்கள் வீங்கி, ஒன்றோடொன்று ஒட்டிப்போய் இருந்தன. கம்பியூட்டரில் வேலை செய்கிறவனுக்கு எங்கே அடிக்க வேண்டும் என்று தெரிந்துதான் அடித்திருக்கிறார்கள்.

அவனை வெளியே எடுத்தது இந்த ஐயாதான் என்று பாலம்மா சொன்னாள். அழகமுத்து நவரட்ணராஜாவின் முன்னால் வந்து, வீங்கிய கையையும் மற்றக் கையையும் சேர்த்துக் கும்பிடப் பார்த்தான். அவருக்கு அதைத் தாங்க முடியவில்லை. அந்தக் கையைப் பிடித்து இறக்கினார்.

சொல்லாமல் விட்டிருக்கலாம். பளீல்கூடக் கண்ணால் வேண்டாம் என்றுதான் சாடை காட்டினான். ஆனால் சொல்லாமல் அந்தக் கும்பிடை வாங்கிக்கொண்டு போனால், பிறகு கண்ணாடியில் எந்த முகத்தைப் பார்ப்பது?

"தம்பி, உம்மடை பேரைப் பொலிசுக்குக் குடுத்தது நான். தமிழ் டைப்பிங் இருக்கிற கம்பியூட்டரை மட்டும் பாக்கச் சொன்னதும் நான்தான். வேறை ஒருத்தரையும் பாக்கேல்லை. பிழை என்ரை."

பாலம்மா சட்டென்று புருஷனின் கையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அவள் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஏசியிருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பார். அவள் அவரைப் பார்க்கவே இல்லை.

அழகமுத்து திறந்திருந்த ஒற்றைக் கண்ணால் நவரட்ணராஜாவையும், பின்னால் இருந்த பொலிஸ் வாசலையும் மாறி மாறிப் பார்த்தான்.

"அப்ப அது இருந்ததுனாலதான் என்னையப் புடிச்சாங்களா சார்?"

"ஓம்."

"வேற ஒண்ணும் இல்லியா?"

"வேறை ஒண்டும் இல்லை."

அவனுக்குக் கோபம் வரும் என்று நவரட்ணராஜா காத்திருந்தார். கோபம் வரவில்லை. விளங்காத கணக்கு ஒன்று விளங்கிவிட்ட மாதிரி அவன் தலையை மட்டும் ஆட்டினான். பிறகு மிகவும் மரியாதையாகப் பேசினான். கம்பனியில் திரும்ப வேலை தருவதாக இருந்தால் போவான், போகாமல் முடியாது, பிள்ளை இருக்கிறது. ஆனால் முதலில் ஒரு காரியம் ஆக வேண்டும். அதை அவர்தான் செசிலியா மிஸ்ஸிடம் சொல்ல வேண்டும், தான் கேட்டால் சரிவராது என்றான்.

"அந்தத் தமிழ் டைப்பிங்கக் கழட்டிடச் சொல்லுங்க சார். நான் போறதுக்கு முன்னாடியே கழட்டிடணும். கடிதம் எழுதக் கேட்டு வர்றவங்களுக்கு நான் ஏதாவது சொல்லிக்கிறேன்."

வேண்டாம் தம்பி என்று சொல்ல நவரட்ணராஜா வாயெடுத்தார். சொல்ல அவருக்கு என்ன உரிமை இருக்கிறது? பஸ் வந்தது. பாலம்மா அவனை ஏற்றிவிட்டுத் தானும் ஏறினாள். ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்ததும் அவன் தலையை வெளியே நீட்டி, மறக்காமல் சொல்லிவிடுங்கள் என்று இன்னொரு தடவை கேட்டுக்கொண்டான்.

"சொல்லுறன்," என்றார் நவரட்ணராஜா.

அன்றைக்கே போய்ச் சொன்னார். செசிலியா ஏன் என்று கேட்கவில்லை. ஹுன்னஸ்கிரியவுக்கு லைன் எடுத்துத் தன் மேசையில் இருந்தபடியே அதைக் கழற்றினாள். ஒரு நிமிடம்கூட எடுக்கவில்லை. அவர் கடைசி வரைக்கும் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டுத்தான் வெளியே வந்தார்.